நீர் வந்த வழி

கலைப்பீடத்து மாணவன் ஒருவன் படகின் ஒழுக்கைப் பற்றி எழுத முற்படுவது நண்பர் சிலருக்கு நகைப்பைத் தரக்கூடும். நகைப்பதற்கு வேண்டிய நியாயம் இவ்விடயத்தில் உண்டு என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

நிலாவெளியில் வசிக்கும் என் தாய்மாமன் பழைய கண்ணாடியிழைப் படகொன்றை வாங்கினார். புறாத்தீவுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்வதே நோக்கம். மாமியின் காப்புச் சோடி அதன்பொருட்டு அடகுக்குச் சென்றது. அக்கரையில் ஓடும் ஏனைய படகுகளில் இயந்திரம் பின்னால் வெளியே தொங்கும். இதிலோ இயந்திரம் உள்ளே இருக்க, அதன் சுழல்தண்டு பிற்சுவரை ஊடுருவிச் சென்று வெளியேயுள்ள செலுத்தியை இயக்கும். வொல்வோ பென்டா நிறுவனம் 1959இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. செலுத்தி இடம் வலம் திரும்பவும் மேலே உயரவும் வேண்டுமாதலால், தண்டைச் சுற்றி மடிப்பு மடிப்பான இறப்பர்த் துருத்தியொன்றைப் பொருத்தியிருப்பர். அவ்விறப்பருக்கு அப்பால் கடல்.

விடுமுறையில் நான் சென்றபோது, நீரிறைக்கும் பம்பி இரவில் அடிக்கடி தானே இயங்கியது. எனினும் காலையில் படகின் அடியில் நீர் நின்றது.

"மழைத்தண்ணியோ கடல்தண்ணியோ எண்டு நாக்கிலை வைச்சுப் பார் தம்பி" என்றார் மாமா.

உப்புக் கரித்தது. அடித்தளத்தில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று என் கண்ணிற் பட்டது. கண்டதும் முடிவு கட்டிவிட்டேன். படகைக் கரையேற்றி, இரண்டு நாள் தேய்த்துப் பிசின் பூசினேன். மாமா மறுக்கவில்லை, பல்கலைக்கழகம் போனவன் என்ற மதிப்பு அவருக்கு. மீண்டும் கடலில் இறக்கிய மறுநாள் விடியலில் படகு பின்புறம் தாழ்ந்து கிடந்தது. பம்பி பற்றரியை முற்றாகத் தீர்த்துவிட்டு நின்றுபோயிருந்தது. அன்று வரவிருந்த பயணிகளை வேறொரு படகுக்காரர் ஏற்றிச் சென்றார். மாமா என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

அதன் பின்னரே நான் சிந்திக்கத் தொடங்கினேன். இயந்திரம் ஓடும்போது மட்டும் நீர் வருமாயின் குளிர்நீர்ப் பம்பியையும் அதன் குழாய்களையும் சந்தேகிக்கலாம். சும்மா நிற்கும்போதும் வந்தால் நீர்மட்டத்தின் கீழுள்ள துளைகளையே பார்க்க வேண்டும். நீரை இறைத்து, துணியால் ஒற்றி உலர்த்தி, உட்சுவரிலும் தளத்திலும் சுண்ணக்கட்டித் தூளைத் தூவினேன். (எழுத்துப் பயிற்சிக்கென மாமாவின் இளைய மகள் வைத்திருந்த சுண்ணக்கட்டிகள் அவை, அவள் அழுதாள்.) ஒரு மணி நேரம் தூள் வெண்மை மாறாதிருந்தது. அந்தி சாய, வழக்கம்போல மாமா செலுத்தியை மேலே உயர்த்தினார். சிப்பி ஒட்டாதிருக்க அவர் நாள்தோறும் செய்யும் காரியம் அது. சிறிது நேரத்தில் தண்டு நுழையும் இடத்திலிருந்து தூளில் கரிய கோடொன்று இறங்கியது.

துருத்தியின் கீழ் மடிப்பில் வெடிப்பு. செலுத்தி தாழ்ந்திருக்கையில் அது மூடிக்கொள்ளும். உயர்ந்தால் மடிப்பு இழுபட்டு வாய் திறக்கும். மாமாவின் அக்கறையே இரவெல்லாம் கடலுக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறது.

திருகோணமலையிலிருந்து வந்த திருத்துநரிடம் ஒட்டுப் போடலாமா என்று கேட்டேன். வளையும் இறப்பரில் ஒட்டு நில்லாது என்றார். செலுத்தியைக் கழற்றியபோது உள்ளிருந்த தாங்கி துருவேறிக் கரகரத்தது. அதையும் மாற்றி, புதிய துருத்தியை உருக்குப் பட்டிகளால் இறுக்கினார். செலவுக்கு மாமியின் சங்கிலியும் காப்பைத் தொடர்ந்து போயிற்று.

இப்போது செலுத்தி இரவில் தாழ்ந்தே கிடக்கிறது. சிப்பியை மாமா கையாற் சுரண்டுகிறார். அடித்தளத்தில் நான் பூசிய பிசின் இன்னும் இருக்கிறது.