மூன்றில் ஒரு நாள்

அமெரிக்க நகரங்களில் முழுநேரத் தீயணைப்பு வீரர்கள் பலருக்கு 24 மணி நேரம் பணி, அடுத்த 48 மணி நேரம் ஓய்வு. நிலையத்தின் ஆட்கள் ஏ, பி, சி என்று மூன்று அணிகளாகப் பிரிந்திருப்பார்கள். காலை ஏழு மணிக்கோ எட்டு மணிக்கோ அணி மாறும். இந்தக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 122 இரவுகள் வீட்டில் ஓர் ஆள் குறைவு. அந்த நாள்களை நடத்துவது வீட்டில் இருக்கும் துணை பழகிக் கற்றுக்கொள்ளும் ஒரு தொழில். அதற்கென்று கருவிகளும் கைப்பக்குவமும் உண்டு.

முதல் கருவி நாள்காட்டி. ஃபிரிட்ஜ் கதவில் மாதத் தாள் தொங்கும். பணி நாள்களுக்குச் சிவப்பு வட்டம். வாரத்துக்கு ஏழு நாள், சுற்றுக்கு மூன்று நாள் என்பதால் பணி எந்தக் கிழமையிலும் நிலைத்து நிற்பதில்லை. ஒரு ஞாயிறு பணியில் போனால் அடுத்த இரண்டு ஞாயிறும் வீட்டில். அதற்கடுத்தது மறுபடியும் நிலையத்தில். பண்டிகைகளையும் இப்படிக் கணக்கிடலாம். 365-ஐ மூன்றால் வகுத்தால் இரண்டு மீதி வரும். ஆகவே கிறிஸ்துமஸ் ஆண்டுதோறும் அணி மாறும். லீப் ஆண்டு மட்டும் விலக்கு: அதன் 366 நாள் மீதியில்லாமல் வகுபட்டுவிடும். சுற்று முறியாமல் ஓடிய துறைகளில் 2023 கிறிஸ்துமஸ் அன்று நிலையத்தில் இருந்த அணிதான் 2024 கிறிஸ்துமஸ் அன்றும் இருந்தது. இதை முன்கூட்டியே பார்த்துவைத்த குடும்பம் 24-ஆம் தேதி மாலையே பரிசுகளைப் பிரித்து, விருந்தையும் முடித்துக்கொள்ளும். சிறு பிள்ளைகளுக்கு அதுவே பண்டிகை நாள். தேதியை மனக்குறை இல்லாமல் நகர்த்தத் தெரிவது இந்தத் தொழிலின் முதல் பாடம்.

நாள்காட்டியில் இன்னும் சில நிறங்கள் வேண்டியிருக்கும். 24/48 முறையில் வாரச் சராசரி 56 மணி. 28 நாளுக்கு 224 மணி. கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம் தீயணைப்பு வீரருக்கு 28 நாளில் 212 மணியைத் தாண்டினால் கூடுதல் ஊதியம் தரச் சொல்கிறது. சில துறைகள் அதைப் பணமாகத் தரும். சில துறைகள் இடையிடையே ஒரு பணி நாளை ஓய்வாக விட்டுக்கொடுக்கும். அந்த ஓய்வுக்குக் ‘கெல்லி நாள்’ என்று பெயர். 1933 முதல் 1947 வரை சிகாகோ மேயராக இருந்த எட்வர்ட் கெல்லியின் பெயர் அது. இதற்கு மாறாக, அடுத்த அணியில் ஆள் குறைந்தால் வீடு திரும்ப வேண்டியவரையே தொடர்ந்து பணியில் நிறுத்திக்கொள்வதும் உண்டு. காட்டுத்தீக்கு அனுப்பப்படுபவர் பயண நாள் நீங்கலாக வழக்கமாக 14 நாள் வரை களத்தில் இருப்பார். ஆகவே பணி முடிந்து திரும்பும் காலையில் பல் மருத்துவரையோ பள்ளிச் சந்திப்பையோ குறித்துவைக்கக் கூடாது என்பது இந்த வீடுகளின் எழுதாத விதி.

அடுத்தது பணி நாளின் வேலை. வேலைக்குப் போகும் துணைக்குப் பகல் தானாகவே நிரம்பிவிடும். அவருக்கும் பிள்ளைகள் தூங்கிய பிறகு மாலை நீளும். அப்போது கையில் எடுக்கும் வேலைக்கு இரண்டு குணங்கள் வேண்டும். நினைத்த இடத்தில் நிறுத்த முடிய வேண்டும்; நிறுத்திய இடம் மூன்று நாள் கழித்துப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சுவருக்கு வண்ணம் அடிப்பது இதற்கு ஒத்துவராது: குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பாதிச் சுவர் காய்ந்து திட்டாகிவிடும். அஞ்சல்வழிப் படிப்பு, தோட்டப் பாத்தி, பழைய புகைப்படங்களை ஆல்பத்தில் ஒழுங்குசெய்வது ஆகியவை ஒத்துவரும். மிக நன்றாக ஒத்துவருவது அமெரிக்க வீடுகளில் குயில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வை.

அதில் ‘லாக் கேபின்’ என்ற பழைய வடிவத்தை எடுத்துக்கொண்டால் காரணம் புரியும். நடுவில் இரண்டரை அங்குலச் சதுரத் துணி. மரபில் அது சிவப்பு. வீட்டின் கணப்படுப்பைக் குறிப்பது என்பார்கள். அதைச் சுற்றி ஒன்றரை அங்குல அகலப் பட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துத் தைத்து வர வேண்டும். அடுத்தடுத்த இரு பக்கம் வெளிர் நிறம், மற்ற இரு பக்கம் அடர் நிறம். தையலுக்கு ஒவ்வோர் ஓரத்திலும் கால் அங்குலம் போகும். அந்தக் கால் அங்குலம் ஒரு நூலளவு பிசகினாலும் முதல் சுற்றில் தெரியாது; ஐந்தாம் சுற்றில் சதுரம் கோணிக்கொண்டு நிற்கும். அதனால் ஒவ்வொரு பட்டையையும் தைத்ததும் இஸ்திரி போட்டு, அளந்து பார்த்த பிறகே அடுத்ததை எடுப்பார்கள். ஐந்து சுற்றில் 20 பட்டை முடிந்தால், கோத்துத் தைத்த பிறகு 12 அங்குலம் நிற்கும் ஒரு கட்டம் தயார். ஆக, ஒரு கட்டத்துக்குள் நிறுத்திக்கொள்ள 20 இடம். பணி நாளுக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் 20 பணி நாளில், அதாவது இரண்டு மாதத்தில், நான்கடிக்கு ஐந்தடிப் போர்வைக்கான கட்டங்கள் வந்துவிடும். அடர் நிறத்துக்குப் பழைய நிலைய டி-சர்ட்டை வெட்டுவோர், பின்னல் துணி இழுபடாமல் இருக்க, இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உள்துணியைப் பின்னால் வைத்துவிட்டே வெட்டுவார்கள். காத்திருந்த இரவுகளைக் கட்டம் கட்டமாக எண்ணிப் பார்க்கலாம் என்பதே இந்த வேலை தரும் நிறைவு. அந்த இரவுகள் வீணாகவில்லை என்பதற்கு மடியில் விரித்துக்கொள்ள ஒரு சாட்சி கிடைக்கிறது.

இரவுக்குத் தனிப் பக்குவம் வேண்டும். தீயணைப்பு வானொலியை வீட்டிலிருந்தே கேட்கச் செயலிகள் இருக்கின்றன. புதிதாக மணமானவர் முதல் சில மாதங்கள் அதை அணைக்காமல் வைத்திருப்பது வழக்கம். அனுபவப்பட்டவர் அணைத்துவிடுவார். வானொலியில் கேட்பது அரைகுறைச் செய்தி. தூக்கத்தைக் கெடுக்க அதுவே போதும். அழைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ உதவிக்கானவை, தீக்கான அழைப்புகள் நூற்றுக்குச் சில மட்டுமே என்ற உண்மை மனத்துக்குப் பிடிமானம். மிகக் கெட்ட செய்தி இருந்தால் அதை அதிகாரிகள் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்பதே துறைகளில் நிலைபெற்ற முறை. 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றம் உருவாக்கிய தேசிய உயிர்நீத்த தீயணைப்பு வீரர்கள் அறக்கட்டளையும் அதையே வலியுறுத்துகிறது. இதற்காக வீரர்கள் ஒரு படிவம் நிரப்பித் தருவார்கள்: வீட்டு முகவரி, துணை வேலைசெய்யும் இடம், செய்தி சொல்லும்போது உடன் வர வேண்டிய நண்பர் அல்லது போதகர். ஆண்டுக்கு ஒரு முறை இருவரும் சேர்ந்து அமர்ந்து அதைச் சரிபார்க்க வேண்டும். கை நடுங்கும் வேலைதான். செய்து முடித்த பிறகு வாசலில் கேட்கும் ஒவ்வொரு கார்ச் சத்தத்துக்கும் பதற வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்குப் பணி நாளின் நங்கூரம் தூங்கும் முன் வரும் தொலைபேசி அழைப்பு. பள்ளியில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிலையத்தின் மணி ஒலிக்கும். அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம், பிறகு இணைப்பு இருக்காது. சொல்ல வந்தது குழந்தையின் வாயிலேயே நின்றுவிடும். அந்தக் கணத்தில் துணை சொல்லும் சொல்லைக் குழந்தை ஆயுளுக்கும் வைத்துக்கொள்ளும். “யாருக்கோ உதவி வேணும், அப்பா கிளம்பிட்டார். மீதியை எழுதி வை, நாளைக்கு வாசிச்சுக் காட்டலாம்” என்று சொல்லும் வீடுகளில் மேசைமேல் ஒரு நோட்டு இருக்கும். மறுநாள் வந்தவர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.

குழாய் உடைவதும் ஹீட்டர் நிற்பதும் பணி நாளில்தான் நடக்கும் என்பது இந்தக் குடும்பங்களில் எல்லாரும் சொல்லும் பேச்சு. ஆகவே வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வு எங்கே, எந்த மின்சுவிட்ச் எந்த அறைக்கு, பக்கத்து வீட்டில் யாரைக் கூப்பிடலாம் என்பவற்றை ஓய்வு நாளில் இருவரும் சேர்ந்து நடந்து பார்த்துவைப்பது நல்லது. வால்வைக் கையால் ஒரு முறை திருகிப் பார்த்திருந்தால்தான் நள்ளிரவில் கை அதைத் தேடிப் போகும்.

திரும்பி வரும் காலைக்கும் ஒழுங்கு உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. எனவே தீக்குப் போட்ட பாதுகாப்பு உடை வீட்டுக்குள் வருவதில்லை. சீருடையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைப்பதில்லை. இரவில் நான்கைந்து முறை எழுந்தவர் குளித்துவிட்டுச் சில மணி நேரம் தூங்க வேண்டும். நிலையத்தில் அணி மாறும்போது முந்தைய அணி அடுத்த அணிக்கு நிலவரம் சொல்லி ஒப்படைக்கும். வீட்டிலும் அதுபோல ஓர் ஒப்படைப்பு வேண்டும். அதற்கு நேரம் அந்தத் தூக்கத்துக்குப் பிறகுதான். வாசலிலேயே பட்டியலை நீட்டினால் இருவருக்கும் அன்றைய நாள் கசந்துவிடும்.

மூன்றாம் நாள் குடும்பத்துடையது. இந்தத் தொழிலின் கடினமான பாடம் இங்கேதான் வருகிறது. ஆண்டுகள் போகப் போகத் துணை எல்லாவற்றையும் தனியே செய்யப் பழகிவிடுகிறார். வீடு ஓர் ஆளுக்கு அளவெடுத்த சட்டையாகி, வந்தவர் விருந்தாளிபோல ஓரமாக உட்காரும் நிலை நேரும். தேர்ந்தவர்கள் அதனால்தான் சில வேலைகளை வேண்டுமென்றே மீதி வைப்பார்கள்: வெள்ளி இரவுச் சமையல், சைக்கிள் ஓட்டப் பழக்குவது, கதைப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம். எது தன் நாளுக்கு, எது இருவரின் நாளுக்கு என்று பிரித்துவைக்கத் தெரிந்துவிட்டால், சிவப்பு வட்டமிட்ட நாளும் வீட்டின் மற்ற நாள்களோடு சேர்ந்துகொள்ளும்.