இருபது வளைவுக்குக் கீழே ஒரு ஊர்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு தாண்டும்வரை ஏற்காடு சாலையில் சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. கொண்டப்பநாயக்கன்பட்டி வந்ததும் சேர்வராயன் மலை மதில்போல எதிரே நிற்கிறது. இந்த ஊரில் நின்றால் வடக்கைத் தேட வேண்டியதில்லை. மலை இருக்கும் பக்கம்தான் வடக்கு.

ஆனால் இங்கே ஒருவர் காட்டை விற்கப் போனால் எடுத்துவரச் சொல்லும் புலப்படத்தில் அந்த மலை இல்லை. சர்வே எண், எல்லைக்கல், வரப்பின் நீளம், அவ்வளவுதான். மேட்டுக்காடும் பள்ளத்து வயலும் அதில் ஒரே தட்டை. காரணம் பழையது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவரது உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோவும் இந்தச் சீமையை அளக்க வந்தது வரி போட. வரி கட்டாத மலையைக் காகிதத்தில் ஏற்றி என்ன லாபம்?

அடிவாரம் தாண்டினால் கைப்பேசி வரைபடத்தில் சாலை குடல்போலச் சுருள்கிறது. ஏற்காடு விரல்நுனி தூரத்தில் தெரியும். நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் வருபவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. எத்தனையாவது வளைவு என்றுதான் கேட்பார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

மேலே, ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் எல்லாம் தலைகீழ். சேலம் மாநகரமே கைக்குள் அடங்குகிறது, சுரங்கம் தோண்டிய வெள்ளைக்கல் மேடுகள் திட்டுத்திட்டாகத் தெரிகின்றன. கீழே மதிலாக நின்ற மலை இப்போது காலடியில். இந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும். ஆனால் இது சுற்றுலா வந்தவனின் பார்வை. 1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியை இங்கே கொண்டுவந்தபின், தோட்டத்துரைகள் பழக்கிவிட்ட பார்வை என்றும் சொல்லலாம்.

அவர்களுக்கு முன்பே இங்கே வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்தவர் அல்ல, தமிழ் பேசும் மலைவாசிகள். அவர்களின் சேர்வராயன் குகைக் கோயிலில் சேர்வராயனோடு காவேரியம்மனும் இருக்கிறாள். ஒருவர் மலை, மற்றவள் ஆறு. அந்தக் குகை காவிரி பிறக்கும் இடம்வரை போகிறது என்பது நம்பிக்கை. எந்த சர்வேயரும் வரையாத வழி அது. ஆனால் மலையையும் சமவெளியின் ஆற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் படம், எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

ஏற்காடு போகிறவர்கள் லேடீஸ் சீட்டில் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சேர்வராயன் கோயில்வரை போய், அங்குள்ள பெரியவர் எவரிடமாவது பேச்சுக் கொடுங்கள்.