விட்டுப்போன இரண்டரை மணி

அம்மாவுக்குச் சர்க்கரை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை. போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். இது நன்றாகத் தெரிந்த நான்தான் அவளை ஆகாயத்தில் பட்டினி போட்டேன்.

தம்பி மனைவியின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போயிருந்தாள். திரும்பிவர டிக்கெட் எடுத்தவன் நான். சாங்கியில் இரவு 7.30க்குப் புறப்பாடு, திருச்சியில் 9.10க்கு வந்து சேரும். "ஒன்னே முக்கால் மணிகூட இல்லம்மா, இட்லி கார்ல வச்சிருக்கேன்" என்று போனில் சொன்னேன். மருமகள் கட்டிக்கொடுத்த பொட்டலத்தை, சுமை எதற்கு என்று அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரு மணி நேரம் பறந்ததும், இறங்கப்போகிறோமே என்று மாத்திரையையும் போட்டுக்கொண்டாள்.

இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. கை நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. யாரை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்து இருக்கை மன்னார்குடிப் பெண் பார்த்துவிட்டு, தன் குழந்தைக்கு வைத்திருந்த பழச்சாற்றைக் குடிக்கவைத்தாள். அவள் தோளைப் பிடித்தபடிதான் அம்மா வெளியே வந்தாள். திட்டவில்லை. "ஒன்னே முக்கால் மணின்னியேப்பா" என்றாள், அவ்வளவுதான்.

நான் கணக்கு வாத்தியார். டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. முன்பு இரண்டு மணி வித்தியாசம்தான். 1982 ஜனவரி 1 முதல் அவர்கள் அரை மணி முன்னே தள்ளி வைத்துக்கொண்டார்கள். கடிகார வித்தியாசம் தெரியாவிட்டாலும் தூரத்தை யோசித்திருக்கலாம். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழி ஏறத்தாழ 3,000 கி.மீ. அதை ஒரு மணி நாற்பது நிமிடத்தில் கடக்க, மணிக்கு 1,800 கி.மீ. பறக்க வேண்டும். இன்று எந்தப் பயணிகள் விமானமும் அப்படிப் பறப்பதில்லை. எங்கள் ஊர் கோவில்பத்திலிருந்து திருவாரூர், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குச் சுமார் 150 கி.மீ.; அதற்கே காரில் மூன்றரை மணிக்கு மேல் ஆகிறது.

அம்மா போன டிக்கெட் பீரோவிலேயே இருந்தது: இரவு 1.00, காலை 7.30. போக ஆறரை, வர ஒன்று நாற்பது. இரண்டையும் கூட்டினால் எட்டு மணி பத்து நிமிடம். பாதியாக்கினால் நான்கு மணி ஐந்து நிமிடம். கடிகார வித்தியாசம் தானாகவே கழிந்துபோய், பறக்கும் நேரம் கிடைத்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு நான் நடத்தும் சராசரிக் கணக்குதான் அது. அன்று எடுத்துப் பார்க்கவில்லை.

எங்கள் காரைக்கால் பக்கம் பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் நிறைய. பிரான்ஸ் கடிகாரம் குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி பின்னால், கோடையில் மூன்றரை மணி பின்னால். பெற்றோரை விமானம் ஏற்றுகிறவர்களே, டிக்கெட்டின் இரண்டு நேரங்களைக் கழித்து வாயால் சொல்லிவிடாதீர்கள். எத்தனை மணி நேரம் பறக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, துண்டுச் சீட்டில் தமிழில் எழுதி, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கையில் கொடுங்கள்.