கூரையில் ஏறிய நான்கு தகடுகள்

அக்டோபர் 28, டூசான், அரிசோனா

ஏணியை இன்னும் யாரும் தொடவில்லை. சாப்பாட்டு மேசைமேல் ஒரு நோட்டுதான் விரிந்து கிடக்கிறது. ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, தங்கள் மோட்டார்ஹோமில் எந்தக் கருவி ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று மீட்டர் வைத்து அளந்து எழுதுகிறார்கள். குளிர்பெட்டிக்கு 50 ஆம்பியர்-மணி, ஹீட்டரின் காற்றாடிக்கு 25, மடிக்கணினிக்கும் செல்பேசிகளுக்கும் 20, விளக்கு, தண்ணீர் மோட்டார், சின்ன விசிறி எல்லாம் சேர்த்து 15. இன்வெர்ட்டரை எதற்கும் பயன்படுத்தாமல் சும்மா ஆன் செய்து வைத்தாலே 10 போய்விடுகிறது. மொத்தம் 120, அதாவது சுமார் ஒன்றரை யூனிட்.

பலர் சோலார் தகட்டை முதலில் வாங்கிவிட்டுக் கணக்கை அப்புறம் போடுகிறார்கள். கணக்கில் தொடங்குவதே சரி. இவர்கள் குளிர்காலத்தைக் கழிக்கப்போவது குவார்ட்சைட் ஊரை ஒட்டிய பாலைவனத்தில் உள்ள லா போசாவில். அமெரிக்க நில மேலாண்மை அமைப்பு அங்கே செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க அனுமதிச் சீட்டு தருகிறது. குடிநீர் உண்டு, கழிவுத் தொட்டியைக் காலிசெய்ய இடம் உண்டு, மின் இணைப்பு மட்டும் கிடையாது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஜெனரேட்டரும் ஓட்டக்கூடாது.

அக்டோபர் 30

தகடுகளின் அளவுக்கு அட்டைகளை வெட்டிக் கூரையில் பரப்பிப் பார்க்கும் நாள். தரையிலிருந்து பார்த்தால் பெரிதாகத் தெரிந்த கூரையில் ஏசி, காற்றுப்போக்கிகள், ஆன்டெனா, குளிர்பெட்டியின் புகைபோக்கி என்று ஏற்கெனவே பலரும் குடியேறியிருக்கிறார்கள். 200 வாட் தகடு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம், எழுபது சென்டிமீட்டர் அகலம். நான்குக்குத்தான் இடம்.

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகர மாணவர்கள் இதே இடப்பஞ்சத்தை வேறு விதமாகத் தீர்த்தார்கள். ‘ஸ்டெல்லா வீட்டா’ என்ற அவர்களுடைய வண்டியை நிறுத்தியதும் கூரை மேலெழுந்து, பக்கங்களில் தகடுகள் விரிந்து, 17.5 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். வண்டி ஓடுவதற்கும் அந்த மின்சாரம்தான். 2021இல் அதை ஸ்பெயின் பெருநிலத்தின் தென்முனையான தரிஃபா வரை ஓட்டிச் சென்றார்கள். வீட்டு முற்றத்தில் செய்கிற வேலைக்கு அது எட்டாது. ஆனால் நிழல் படாத ஒவ்வொரு சாணையும் மதிக்க வேண்டும் என்ற பாடம் எல்லோருக்கும் பொது.

ஏசியின் நிழல் மதியம் எங்கே விழுகிறது, மூன்று மணிக்கு எங்கே நகர்கிறது என்று கணவர் சாக்பீஸால் கோடு போடுகிறார். தகட்டுக்குள் சிலிக்கான் கலங்கள் வரிசையாகப் பிணைந்திருப்பதால், ஒரே ஒரு கலத்தில் விழும் நிழல்கூடத் தகட்டின் பாதி உற்பத்தியை விழுங்கிவிடும். ஆன்டெனாவை இடம் மாற்றிவிட மனைவி சொன்ன யோசனைதான் அன்றைய பெரிய லாபம்.

நவம்பர் 2

நான்கு தகடுகளை எப்படிப் பிணைப்பது? ஒவ்வொன்றும் சுமையில்லாதபோது 24 வோல்ட், வெயிலில் 10 ஆம்பியர் தரும். நான்கையும் பக்க இணைப்பில் சேர்த்தால் 40 ஆம்பியர். அதைத் தாங்கத் தடித்த செம்புக் கம்பி வேண்டும், விலையும் அதிகம், வழியில் வோல்டேஜும் குறையும். நான்கையும் தொடராகக் கோத்தால் 96 வோல்ட். பேட்டரிக்கு ஏற்றும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலரின் எல்லை 100 வோல்ட்தானே, போதுமே என்று தோன்றும்.

ஆபத்து அங்கேதான். அந்த 96 என்பது 25 டிகிரி வெப்பநிலையில் அளந்த எண். குளிரக் குளிர ஒவ்வொரு டிகிரிக்கும் வோல்டேஜ் சுமார் 0.3 சதவீதம் ஏறும். மலைப்பகுதியில் பூஜ்ஜியத்துக்கு 5 டிகிரி கீழே போன ஒரு பனிக்காலையில், வெயில் படும் கணமே 105 வோல்ட் வந்து கன்ட்ரோலரைக் கருக்கிவிடும். வெப்பம்தான் மின்கருவிகளுக்கு எதிரி என்று பழகிய நமக்கு இது புதிது. இரண்டு இரண்டாகத் தொடரில் கோத்து, அந்த இரு ஜோடிகளைப் பக்க இணைப்பில் சேர்க்க முடிவாயிற்று: 48 வோல்ட், 20 ஆம்பியர்.

நவம்பர் 5

துளை போடும் நாள். மின்சாரத்தைவிடத் தண்ணீரே பயம் தரும் வேலை இது. ரப்பர் விரிப்பு, அதன் அடியில் மெல்லிய ஒட்டுப்பலகை, அதற்கும் அடியில் மரச்சட்டங்கள், இவ்வளவுதான் அந்தக் கூரை. வெறும் பலகையில் பிடித்த திருகாணி நெடுஞ்சாலைக் காற்றில் பிடுங்கிக்கொள்ளும். ஒழுகும் துளையோ வெளியில் தெரியாமல் பலகையை உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போக வைக்கும். கணவர் தட்டிப் பார்த்துச் சட்டங்களைக் கண்டுபிடித்து, ரப்பரைத் துடைத்து, ஒவ்வொரு தாங்கியின் கீழும் பியூட்டைல் நாடாவை வைத்துத் திருகுகிறார். பிறகு திருகாணித் தலை, தாங்கியின் விளிம்பு எல்லாம் மறையும்படி, ரப்பர் கூரைக்கென்றே விற்கும், தானாகப் பரவி மட்டமாகும் சீலண்டை ஊற்றுகிறார். வேறு சில சீலண்டுகள் ரப்பரை உப்ப வைத்துவிடும்.

தகட்டுக்கும் கூரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டிருக்கிறார்கள். அடியில் காற்றோடினால் தகடு அவ்வளவாகச் சூடாகாது. சூடு குறைந்தால் உற்பத்தி கூடும். வளையும் தகடுகளைக் கூரையோடு ஒட்டிவிடுவது சுலபம், துளையும் வேண்டாம். ஆனால் அடியில் காற்று இல்லாமல் அவை வெந்துபோகின்றன. அரிசோனாவில் அது தகாது.

கம்பிகளுக்குப் புதுத் துளையே போடவில்லை. குளிர்பெட்டியின் புகைபோக்கி வழியாகவே இறங்கிவிட்டன. அனுபவப்பட்டவர்கள் பலர் சொல்லும் வழி அது.

நவம்பர் 7

பழைய ஈய-அமில பேட்டரிகள் வெளியேறுகின்றன. அவற்றின் கொள்ளளவில் பாதியைத்தான் நம்பி எடுக்க முடியும். பதிலாக, 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிகள் இரண்டு. இந்த வேதியியல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப்பின் ஆய்வகத்தில் பிறந்தது. 1997இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரோடு அக்‌ஷய பாதி, கே. எஸ். நஞ்சுண்டசுவாமி என்ற இந்தியப் பெயர்களும் இருக்கின்றன. இன்று உலகெங்கும் சாலையோரம் நிற்கும் வீடுகளில் விளக்கெரிய அந்த உழைப்பு காரணம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

லித்தியத்தை வண்டிக்குள்தான் வைக்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் கெட்டுவிடும். ஷார்ட் சர்க்யூட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும் என்பதால், பேட்டரிக்கு ஒட்டினாற்போல் டி வகை ஃபியூஸ். தகடுகளுக்கு ஸ்விட்ச் கிடையாது, வெளிச்சம் பட்டால் மின்சாரம்தான். அதனால் வேலை முடியும்வரை போர்வையால் மூடியிருந்தார்கள். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, அதன் பிறகே தகடு. இந்த வரிசை மாறக்கூடாது.

நவம்பர் 8

போர்வையை எடுத்தாயிற்று. காலை பத்து மணிக்குத் திரையில் 380 வாட்.

நவம்பர் 20, குவார்ட்சைட்

நானூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான பயணம், பெரும்பகுதி எதிர்காற்றில். வந்து நின்றதும் முதல் வேலையாக ஏணி போட்டு ஒவ்வொரு தாங்கியையும் அசைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் தளரவில்லை.

டிசம்பர் 21

ஆண்டின் மிகக் குறுகிய பகல். இங்கே நண்பகலிலும் சூரியன் 33 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. படுத்திருக்கும் தகட்டுக்கு நேர்வெயிலில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். அதனால்தான் 800 வாட் வாங்கியும் நாளுக்கு இரண்டு யூனிட் எட்டுவதே பாடாக இருக்கிறது. தேவை ஒன்றரைதான், ஆனாலும் மேகமூட்டம் இரண்டு நாள் தொடர்ந்தால் கஷ்டம். தகடுகளின் ஒரு பக்கத்தைத் தூக்கி நிறுத்தக் கம்பிக்கால்கள் வைத்திருக்கிறார்கள். தகடுகள் வண்டியின் நீளவாக்கில் இருப்பதால், வண்டி கிழக்கு மேற்காக நின்றால்தான் அவை தெற்கே பார்க்கும். அதற்காகவே இடத்தை மாற்றி நிறுத்தினார்கள். மாலையில் காற்று எழும்போதெல்லாம் ஏறிப் படுக்க வைப்பதும் அவர்கள் வேலை.

ஏப்ரல் 10

அனுமதிச் சீட்டு முடியப்போகிறது, வெயிலும் ஏறுகிறது. ஏசி போட்டால் 1500 வாட். முழு பேட்டரியும் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கூரைத் தகடுகளை நம்பிப் பாலைவனக் கோடையில் ஏசி ஓட்ட முடியாது என்பதைத் தகடு வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏசியை விட்டுவிட்டு மலை ஏறுவதுதான் இவர்கள் கண்ட வழி. கோடைக்கு ஃபிளாக்ஸ்டாஃப், சுமார் 2100 மீட்டர் உயரம், பைன் காடுகள். அங்கே குளிர்ச்சிக்கு மரநிழலில் நின்றால் கூரைக்கு வெயில் இல்லை. அதற்கென்று மடக்கி எடுத்துப்போகும் 100 வாட் தகடு ஒன்றும் பத்து மீட்டர் கம்பியும் வாங்கியாயிற்று. வண்டி நிழலில் நிற்கும்போது அது வெளியே வெயிலில் நிற்கும்.