எடுத்தலும் கழித்தலும்

சீட்டாட்டத்தில் திறமை எங்கே இருக்கிறது? 1967இல் ஆந்திர வழக்கொன்றில் ரம்மியைப் பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று அறிவதும் அதற்குக் காட்டப்பட்ட காரணங்கள். ஆயினும் ரம்மியில் கழிப்பதை விதியே கட்டாயமாக்குகிறது. கையில் 13 சீட்டுகள். ஒன்றை எடுத்தால் ஒன்றைப் போட்டாக வேண்டும்.

கட்டமைப்புச் சீட்டாட்டங்களில் அந்தக் கட்டாயம் இல்லை. இவ்வகைக்கு வழிகாட்டியான 'டொமினியன்' 2008இல் வெளிவந்தது. 10 எளிய சீட்டுகளோடு தொடங்கி, புதியவற்றை வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஆனால் அதில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் மிகவும் மதிக்கும் சீட்டுகளுள் ஒன்றான 'சேப்பல்' நமக்கு எதையும் தருவதில்லை; கையிலிருப்பவற்றுள் நான்கு வரை நீக்க மட்டுமே உதவுகிறது.

டிராம்பேயில் அறை நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஆடுவது 'அக்ராஸ் தி ஒபெலிஸ்க்' என்னும் கணினி ஆட்டம். நான்கு வீரர்கள் ஓர் அணி; ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டு; முறைதோறும் ஐந்து சீட்டுகள் கைக்கு வரும். போரில் வென்றால் புதிய சீட்டு பரிசாகக் கிடைக்கும். அதை மறுக்க மனம் வருவதில்லை. கணக்கு மறுக்கச் சொல்கிறது. 15 சீட்டுள்ள கட்டில் நமக்கு வேண்டிய ஒன்று முதல் கையிலேயே வரும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. மேலும் ஐந்தைச் சேர்த்தால், அவை எவ்வளவு நல்லவையாயினும், அது நான்கில் ஒன்றாகிவிடும். இணைந்தால் மட்டுமே பயன்தரும் இரு சீட்டுகள் என்றால் 21இல் 2 என்பது 19இல் 1 ஆகக் குறையும். நால்வரின் முதன்மைச் சீட்டும் முதல் முறையிலேயே வரவேண்டுமென்று திட்டமிட்டிருந்தால், 81இல் 1 என்பது, நால்வரும் கட்டைப் பெருக்கியபின் 256இல் 1 ஆகும்.

ஆகவே அணியின் சமநிலை என்பது சரிபங்கு அன்று. ஒவ்வொரு கட்டும் பிறரை எதிர்பாராமல் ஓரளவு நிற்க வேண்டும். அதே வேளையில் யாரேனும் ஒருவர், பெரும்பாலும் மருத்துவர், தம் தாக்குதலைக் குறைத்துக்கொண்டு பிறர் கூடுதலாகச் சீட்டெடுக்க உதவ வேண்டும். வென்றபின் நாங்கள் பேசுவதோ கடைசி அடி அடித்தவரைப் பற்றித்தான். கூட்டாய்வுகளில் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கித் தருபவரின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

இந்தக் கணக்கை நான் இப்போது என் ஆய்வேட்டின் மீது போட்டுப் பார்க்கிறேன். 1976இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களால் உருவான சீத்தா கேம்ப்பின் தமிழ்ப் பேச்சே என் களம். நான்கு இயல்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஐந்தாவது, உறவுமுறைச் சொற்கள் பற்றியது. தனியே படித்தால் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது இடையில் இருக்கும்வரை மையக் கருத்து வாசகர் கைக்குப் பிந்தியே வருகிறது. அதை நீக்குவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

ஒப்புமை இவ்விடத்தில் முறிகிறது. நீக்கிய சீட்டுக்கு வருத்தமில்லை. அந்த இயலில் இருப்பவையோ, வீட்டு வேலைகளை ஒதுக்கிவைத்து எனக்காக அமர்ந்து பேசிய மூதாட்டிகளின் குரல்கள். தமிழில் 'கழித்தல்' என்பது விலக்குதலையும் குறிக்கும், காலத்தைச் செலவிடுதலையும் குறிக்கும். அவர்கள் கழித்த பொழுதை நான் கழித்துவிட இயலாது. எனவே அந்தப் பதிவுகளை முழுமையாக எழுத்தாக்கி, ஒரு படியை அவரவர் குடும்பத்திடம் ஒப்படைத்த பின்னரே ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பேன்.

களப்பணி செய்யும் நண்பர்களே, ஆய்வேட்டில் இடம்பெறாமல் போன குரல்களை நீங்கள் எங்கே வைக்கிறீர்கள்?