ராகி அடைக்கு வெந்நீர்

ராகி மாவில் முருங்கைக்கீரை போட்டு அடை தட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே சந்தேகம். "அக்கா, கொஞ்சம் கோதுமை மாவு சேத்துக்கிட்டா வெடிக்காம வருமில்ல?" வரும். மைதா சேர்த்தால் இன்னும் சுலபமாக வரும். ஆனாலும் தருமபுரியில் மாலை டிபன் கடை நடத்தும் நான் ஒரு பிடிகூடச் சேர்ப்பதில்லை. கோதுமை மாவை இழுத்துப் பிடிக்கும் பசை ராகியில் கிடையாது. விளிம்பு வெடிப்பது அதனால்தான். அதற்கு வெந்நீர் இருக்கும்போது இன்னொரு மாவு எதற்கு?

கடைகளில் வெள்ளை வெளேரென்று விற்கும் சாமை, வரகு, குதிரைவாலி எல்லாம் பெரும்பாலும் தீட்டியவை. உமியோடு தவிடும் போயிருக்கும். ராகியை அப்படித் தீட்ட முடியாது. தோல் இறுக ஒட்டியிருக்கும். உள்ளே இருக்கும் மாவோ மெத்தென்றது, தீட்டப் போனால் நொறுங்கிவிடும். அதனால் தோலோடுதான் அரைபடுகிறது. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து; அரிசியில் அதில் சிறு துளிதான். ராகியின் சுண்ணாம்புச் சத்தில் நல்ல பங்கு தோலில் இருக்கிறது. மெல்லிய சல்லடையில் சலித்து, தங்கிய கப்பியைக் குப்பையில் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

2023-இல் எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தர ஆரம்பித்தார்கள். களிக்குப் பழகிய வீடுகளில் அது பானைக்குப் போய்விடும். களி என்றால் முகம் சுளிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில்தான் அடையைத் தேடுகிறார்கள்.

ராகியைக் கல் அரித்து, கழுவி, நிழலில் உலர்த்தி மில்லுக்குக் கொடுங்கள். நமக்கு முன்னால் அங்கே மிளகாய் அரைத்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முளைகட்டிய ராகி மாவு கஞ்சிக்கு அருமையானது, அடைக்கு வேண்டாம். முளைவிடும்போதே தானியம் தன் மாவுச்சத்தை இனிப்பாக உடைக்கத் தொடங்கிவிடுகிறது. வெந்நீர் ஊற்றினால் இறுகாமல் தளர்ந்து, தட்டும் வாழை இலையில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும்.

கீரையை ராத்திரியே கொத்தோடு பழைய வேட்டித் துணியில் இறுகச் சுற்றி வைத்துவிடுவேன். காலையில் உதறினால் இலை பாதிக்கு மேல் தானாக உதிர்ந்திருக்கும். மிச்சத்தைக் கையால் உருவ வேண்டும். காம்பு கலந்தால் தட்டும்போது அந்த இடத்தில் கிழியும். தின்னும்போது பல்லில் மாட்டும்.

ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டு கைப்பிடி கீரை, பொடியாக நறுக்கிய ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், சீரகம், உப்பு. நல்லெண்ணெயில் சீரகம் பொரிந்ததும் வெங்காயமும் மிளகாயும் வதங்கட்டும். கீரையைப் போட்டு இரண்டு புரட்டு. இலை சுருண்டு பச்சை அடர்ந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். மூடி போடக் கூடாது. போட்டால் ஆவி உள்ளேயே நின்று கீரை பழுப்பேறிவிடும். அந்தச் சூட்டிலேயே மாவையும் உப்பையும் கொட்டிக் கிளறுவேன்.

இனி வெந்நீர். ஒரு டம்ளர் மாவுக்கு முக்கால் டம்ளர் வரை பிடிக்கும். தளதளவென்று கொதிப்பதாக இருக்க வேண்டும், வெதுவெதுப்பு போதாது. கொதிநீர் பட்டால்தான் மாவுச்சத்து பாதி வெந்து பசையாகும்; கோதுமை செய்யும் வேலையை இங்கே அந்தப் பசை செய்கிறது. ஒரேயடியாக ஊற்றாமல் சுற்றிலும் தெளித்து, கரண்டிக்காம்பால் கிளறி, பிறகு பத்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லாரும் திருடுகிறார்கள். தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். மூடியைத் திறக்கும்போது பொலபொலவென்று கிடந்த மாவு கறுத்து, அழுத்தினால் விரல் தடம் நிற்கும். கை பொறுக்கும் சூட்டில் உள்ளங்கையால் அழுத்திப் பிசைந்து, ஒரு உருண்டையை நசுக்கிப் பார்ப்பேன். ஓரம் வெடித்தால் இன்னும் ஒரு கரண்டி வெந்நீர். பச்சைத் தண்ணீர் கூடவே கூடாது.

வாழை இலையில் எண்ணெய் தடவி, விரல் நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே தட்ட வேண்டும். ஓரம் நடுவைவிடச் சற்றே தடிமனாக இருந்தால் வெடிப்பு வராது. நடுவில் ஒரு துளை. இலையோடு கல்லில் கவிழ்த்து, கொஞ்சம் பொறுத்து உரித்தால் இலை சுத்தமாக வந்துவிடும். எண்ணெய் துளையிலும் சுற்றிலும். தீ மிதமாக.

தோசையைப் போல நிறம் பார்த்துத் திருப்பும் பழக்கம் இதில் உதவாது. மாவே செம்பழுப்பு, சிவந்ததும் கருகியதும் கண்ணுக்குத் தெரியாது. காதைத்தான் நம்ப வேண்டும். வெங்காயமும் கீரையும் விடும் நீர் கல்லில் சடசடவென்று சத்தம் போடும். அது அடங்கி மெல்லிய பொரிசத்தம் மட்டும் மிஞ்சும்போது திருப்பலாம். மறுபக்கமும் வெந்தபின் நடுவில் அழுத்தினால் அடை மெல்ல எழும்பி வரும். விரலில் பிசுபிசுத்தால் உள்ளே பச்சை மாவு இருக்கிறது.

வேர்க்கடலைச் சட்னி இருந்தால் இதுவே டிபன். வீட்டில் உள்ளங்கையளவாகச் சின்னதாய்த் தட்டி, மதியம் ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைப்போம். எனக்குப் பிடித்தது அதுதான். ரசத்தின் புளிப்பில் கீரையின் லேசான கசப்பு நன்றாக எடுபடும்.

என் கடையில் அடையோடு ஒரு கீற்று எலுமிச்சை வைக்கிறேன். கீரையிலும் ராகியிலும் இரும்புச் சத்து இருந்தாலும், ராகித் தோலின் துவர்ப்பு அதை உடம்பில் எளிதாகச் சேரவிடாது. எலுமிச்சை அந்தத் தடையைத் தளர்த்தும். டீயோ இன்னும் இறுக்கும். ஆனால் ஐந்து மணிக்கு வருகிறவர்கள் அடையையும் டீயையும் சேர்த்தேதான் கேட்பார்கள். ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்ன பெண்கள் அவர்களில் இருக்கிறார்கள். "அடையச் சாப்பிடும்மா, டீ ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிக்கலாம்" என்று சொல்லிவிடுவேன். அதனால் டீ வியாபாரம் கொஞ்சம் குறைகிறது. குறையட்டும்.