அம்புக்குறி இல்லாத தவறு

தமிழாசிரியருக்குக் கணினி ஆய்வகத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நம் பகுதிக் கல்லூரிகளில் கணினி அறிவியல் பயில்வோரும் பெரும்பாலும் பகுதி ஒன்றில் தமிழே படிக்கின்றனர். ஆகவே, திருப்பூரில் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகள் நம் வகுப்பிலும் அமர்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் அவர்கள் நம்மிடம் பேசியது சிலப்பதிகாரத்தைப் பற்றியல்ல; ஆய்வகத் திரை காட்டிய சிவப்பைப் பற்றி. கணினித் துறை நண்பரின் இசைவோடு, ஒரு பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் அங்கே போய் அமர்ந்திருந்தோம். கண்டதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முறை எளிது. திரையின் ஒருபுறம் வினா. மறுபுறம் பைத்தான் மொழியில் விடை எழுத இடம். எழுதி முடித்துப் பொத்தானை அழுத்தினால், மென்பொருள் அந்நிரலை ஓட்டிப் பார்த்து அக்கணமே தீர்ப்புச் சொல்லும். சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு.

இதன் நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் மாணவரில் பலர் பனியன் கம்பெனிகளில் தையல், நிட்டிங், கைமடி என்று உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள். வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆட்கள். வகுப்பில் ஒரு கேள்வி கேட்டால் தலை கவிழ்ந்துகொள்ளும் மாணவன், அத்திரையின் முன் பத்து முறை கூசாமல் தவறு செய்தான். சிரிப்பதற்கு அங்கே ஆளில்லை. தவறு செய்யும் உரிமையைப் பள்ளி அவனுக்குத் தந்திருக்கவில்லை, இயந்திரம் தந்தது.

ஆனால் ஒரு மாணவியின் அனுபவம் வேறு. கட்டுகளில் உள்ள துணிகளின் மொத்த எண்ணிக்கையைக் கூட்டி அச்சிடுவது அன்றைய பயிற்சி. அவளுடைய கூட்டல் சரி, விடையும் சரி. ஆயினும் சிவப்பு. முக்கால் மணி நேரம் கூட்டலையே மாற்றி மாற்றி எழுதினாள். உண்மையில், முக்காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விடுபட்டிருந்தது, அவ்வளவே. மென்பொருள் ‘தவறு’ என்றதேயன்றி எங்கே என்று சொல்லவில்லை. அவளுடைய தாய் செக்கிங் பிரிவில் வேலை செய்பவர். அவள் சொன்னாள்: “எங்கம்மா பீஸைத் தப்புன்னு மட்டும் சொல்லித் திருப்பி விட மாட்டாங்கங்க ஐயா. எங்கன்னு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித்தானுங்க அனுப்புவாங்க.”

கல்வியியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவள் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டாள் என்றே நமக்குத் தோன்றியது.

அம்புக்குறி இருக்கும்போதும் அது இடம் மாறி நிற்பதுண்டு. மூடாமல் விட்ட அடைப்புக்குறி ஒரு வரியில் இருக்க, பழைய பைத்தான் பதிப்புகள் அடுத்த வரியைக் குற்றம் சொல்லும். 2021இல் வந்த 3.10ஆம் பதிப்பிலிருந்துதான், இந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று தெளிவாகச் சொல்லும் வழக்கம் வந்தது. நாம் அமர்ந்த ஆய்வகத்தில் இருந்ததோ பழைய பதிப்பு. செய்தி ஆங்கிலத்தில் இருப்பதால் பலர் அதைப் படிப்பதேயில்லை. சிவப்பைப் பார்த்தவுடன் குறிகளை மாற்றிப் போட்டு ஊகிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ‘சிறியது’ என்னும் குறியை எடுத்துவிட்டு ‘சிறியது அல்லது சமம்’ என்பதைப் போட்டதும் பச்சை வந்தது. ஏன் வந்தது என்று கேட்டால் பதிலில்லை. அந்தப் பச்சை மதிப்பெண் தருமேயன்றி அறிவு தராது.

இங்கேதான் தமிழாசிரியருக்கு வேலை இருப்பதாகக் கண்டோம். பைத்தானில் நிபந்தனைச் சொல் முதலில் வரும். தமிழில் அது வினையின் ஈற்றில் ஒட்டி நிற்கும். தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செயின்’ என்று வகுத்தது இதைத்தான். ‘நூல் அறின் எந்திரம் நிற்கும்’ என்று கரும்பலகையில் எழுதினோம். நூல் அறுந்ததும் நிட்டிங் எந்திரம் தானே நின்று விளக்கெரிவதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். நிபந்தனை எது, விளைவு எது என்று பிரித்துக்காட்ட அவர்களுக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியில் நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ பின்னும் வருவதைக் காட்டியபோது, “நாம பேசற மாதிரியே இருக்குதுங்க” என்றான் ஒருவன். எழில் அறிந்தால் வேலை கிடைக்குமா என்றும் உடனே கேட்டான். அதற்குப் பைத்தான்தான் வேண்டும் என்றோம். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

பிறகு, ஓட்டிப் பார்க்குமுன் ஒவ்வொரு வரியும் என்ன செய்யும் என்பதைத் தமிழில் பக்கத்து மாணவருக்குச் சொல்ல வேண்டும் என்று நண்பர் ஒரு விதி செய்தார். பிழைச் செய்திகளுக்கெனக் குறிப்பேடும் வைத்தார்கள். ‘நேம் எரர்’ என்பதற்கு நேரே, “இந்தப் பேரை முன்னால சொல்லவே இல்லையே” என்று எழுதியிருந்தாள் செக்கிங் தாயின் மகள். எந்தக் கலைச்சொல் அகராதியும் இத்தனை தெளிவாகச் சொல்லாது.

2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்துக்குப் பின் இணையவழித் திறன் பயிற்சிகள் சிற்றூர்க் கல்லூரிகளிலும் பெருகிவருகின்றன. பயிற்சிகளை வாங்குவோர் எத்தனை வினாக்கள் உள்ளன என்று கேட்கிறார்கள். தவறு நேர்ந்தால் என்ன சொல்லும், எந்த மொழியில் சொல்லும் என்றும் கேட்க வேண்டும். வேறு ஊர்களில் இத்தகைய வகுப்புகளைக் கண்ட ஆசிரிய நண்பர்கள் தம் அனுபவங்களை எழுதினால் மகிழ்வோம்.